எதிர்மனுதாரரின் ஹார்ட் டிஸ்க்

விருத்தாசலம்
3.11.2025

தங்கை கனகாவுக்கு,

கோதண்டபாணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கிழிப்பதானால் இரண்டாம் பக்கத்தையும் படித்துவிட்டுக் கிழி.

நீ சொன்னதை நான் மீறவில்லை. மூன்றே முக்கால் ஆண்டுக்கு முன், உன் மகள் துர்காவின் கல்யாணத்தன்று, வேப்பூர் மண்டப வாசலில் வைத்து, "இனிமே உன் குரல் என் காதுல வுழக்கூடாது" என்றாய். அதனால்தான் இன்றுவரை போன் செய்யவில்லை. கடிதத்துக்குக் குரல் கிடையாது என்பது என் எண்ணம். அது தவறு என்றால் தெரிவி, இதையும் நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் கம்ப்யூட்டர். என்னிடம் இருப்பது பழைய விண்டோஸ். இதற்கு இனிமேல் பாதுகாப்பு வராது என்று திரையில் ஒரு செய்தி வந்தது. முதல் நாள் கவனிக்காமல் விட்டேன். இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புது விண்டோஸைப் பென்டிரைவில் ஏற்றி வாங்கிவந்து, தொடங்கும் முன் செய்ய வேண்டிய முன்னெச்சரிக்கைகள் எல்லாவற்றையும் செய்துவிட்டு, உட்கார்ந்தேன்.

மொழி கேட்டது, கொடுத்தேன். நிபந்தனைகளை ஏற்கிறீர்களா என்று கேட்டது. முழுவதும் படித்துவிட்டு ஏற்றேன். அதற்கு ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு, எங்கே நிறுவ வேண்டும் என்று ஒரு பக்கம் வந்தது. அங்கே ஒரு பட்டியல் இருக்க வேண்டுமாம். பட்டியல் காலி. எந்த டிரைவையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது.

ஏழு முறை செய்துபார்த்தேன். செராமிக் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு ஆண்டு சூளைப் பதிவேடு எழுதியவன் என்பதால் இதற்கும் ஒரு நோட்டுப் போட்டேன். நேரம், செய்தது, விளைவு என்று மூன்று கட்டம். விளைவு என்ற கட்டத்தில் ஆறு முறை 'மேற்படி' என்று எழுதியிருக்கிறேன்.

இங்கேயும் கடைகள் உண்டு. ஆனால் இந்தக் கம்ப்யூட்டரை வேற்றாள் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, இப்போது சொல்ல இயலவில்லை. உன் ஜெராக்ஸ் கடையில் நீயே முப்பது நாற்பது கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறாய் என்று பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் சொன்னார். ஆகவே எழுதினேன்.

துர்காவும் குழந்தையும் நலமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கவில்லை.

இப்படிக்கு,
கோதண்டபாணி
(உறவு முறையை எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். விரும்பினால் நீ நிரப்பிக்கொள்.)


வேப்பூர்
7.11.2025

வாடிக்கையாளர் கோதண்டபாணி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கேட்டு வந்தவங்க யாரா இருந்தாலும் பதில் சொல்றது எங்க கடை வழக்கம். வேற அர்த்தம் எடுத்துக்க வேண்டாம்.

மெஷினை ஆன் பண்ணுன ஒடனே எஃப்-2 பட்டனை விடாம தட்டுங்க. படம் வர்றதுக்கு முன்னாடி தட்டணும், வந்தப்புறம் தட்டிப் பிரயோசனம் இல்ல. பயாஸ்னு ஒரு பக்கம் தொறக்கும். ஹார்ட் டிஸ்க் பேரு அங்க இருக்குதான்னு பாருங்க. இருந்தா, மெஷினுக்கு டிஸ்க்கு தெரியுது, விண்டோஸுக்குத்தான் தெரியலன்னு அர்த்தம். அங்க ரெய்டுன்னு போட்டிருந்தா ஏ.எச்.சி.ஐ.ன்னு மாத்தி சேவ் குடுங்க. பேரே இல்லன்னா கரண்டை எடுத்துட்டு, பொட்டியோட பக்கத்துத் தகட்டைக் கழட்டி, டிஸ்க்குக்குப் போற வயரு ரெண்டையும் அழுத்தி விடுங்க. பத்துல எட்டு கேஸு லூஸ் வயருதான்.

டிஸ்க்கு தெரிஞ்சதும் அந்தப் பட்டியல் வரும். அதுல இருக்கற எல்லாத்தையும் டெலீட் குடுத்துட்டு, மொத்தமும் காலின்னு ஆனப்புறம் நெக்ஸ்ட் குடுங்க. பழசை வெச்சிக்கிட்டே மேல புதுசைப் போட்டா சரி வராது. இதை நான் மெஷினுக்கு மட்டும் சொல்லல.

ஊரு மெஷினெல்லாம் என் கையில பொழைக்குது, எங்க வூட்டு சாமான் பொழைக்கல. துர்கா கல்யாண வீடியோ இருந்த பென்டிரைவை அவ பொண்ணு தென்றல் பாப்பா கொதிக்கிற ரசத்துல போட்டுட்டா. எடுத்து ஒரு வாரம் வெயில்ல வெச்சேன், உயிரு வரல. ஸ்டுடியோக்காரரும் கடையை மூடிட்டு வெளிநாடு போயிட்டாரு, எதையும் வெச்சிக்கலையாம். இருந்தது அது ஒண்ணுதான். ரெண்டு நாளு நான் சரியா சாப்பிடல. உனக்கென்ன, நீ நேரத்துக்கு வராத கல்யாணம்தானே.

இப்படிக்கு,
உரிமையாளர், கனகா ஜெராக்ஸ்

பி.கு.: கொளஞ்சியப்பர் கோயில்ல உன் மேல நான் கட்டுன பிராது அப்படியே இருக்குது. கம்ப்யூட்டர் விஷயம் அதுல சேராது.


விருத்தாசலம்
11.11.2025

கனகாவுக்கு,

உன் கடிதத்தைப் பின்குறிப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தது என் தவறு. அதன் பிறகு மேலே உள்ளது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் மனக்குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டால் சாமியே விசாரித்துத் தீர்ப்பார் என்று சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். மாடு காணாமல்போனவர்கள் கட்டுவார்கள், வாய்க்கால் தகராறுக்குக் கட்டுவார்கள். என் பெயரில் ஒன்று மூன்றே முக்கால் ஆண்டாக அங்கே தொங்குகிறது என்பது தெரியாமல், அந்த வழியாகவே காய்கறி வாங்கப் போய்வந்திருக்கிறேன். மறுநாள் கோயிலுக்குப் போய், எதிர்மனுதாரருக்கு நகல் கொடுப்பது வழக்கமா என்று விசாரித்தேன். அங்கே சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாமி சம்மன் அனுப்பாது பெரியவரே. நேரம் வந்தா தானா வருவீங்க" என்றார். நான்தான் வந்து நிற்கிறேனே என்று சொல்ல நினைத்தேன்.

இனி கம்ப்யூட்டர்.

எஃப்-2: முதல் பதின்மூன்று முறை தாமதமாகத் தட்டியிருக்கிறேன். பதினான்காம் முறை இயந்திரத்தை ஆன் செய்வதற்கு முன்பே தட்டத் தொடங்கினேன், பயாஸ் பக்கம் திறந்தது. ஹார்ட் டிஸ்க்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எனவே ரெய்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று முடிவு செய்தேன். முடிவு தவறாகவும் இருக்கலாம்.

வயர்கள்: மின்சாரத்தை நிறுத்தி, அரைமணி நேரம் ஆறவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். தட்டையான வயர் தாய்ப்பலகையில் உறுதியாக இருக்கிறது. மற்றொன்றும் மின்சாரப் பெட்டியிலிருந்து உறுதியாகவே வருகிறது. இரண்டிலும் லூஸ் இல்லை. மறுமுனை இரண்டையும் தூசி படாமல் வெள்ளைத் துணி சுற்றி நான் ஏற்கெனவே நூலால் கட்டிவைத்திருப்பதால் அந்தப் பக்கத்திலும் குறை இருக்க வழியில்லை.

எல்லாவற்றையும் டெலீட் கொடுக்கச் சொன்ன இடத்தைப் படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அழிப்பதற்குத் திரையில் எதுவும் வராதது நல்லதாகப் போயிற்று என்றுகூடத் தோன்றியது. பென்டிரைவ் ரசத்தில் விழுந்த செய்தியை நான்கு முறை படித்தேன். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆனால் சொல்வதில்லை என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். யோசித்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

கோதண்டபாணி


வேப்பூர்
14.11.2025
(தபால் அட்டை)

நூலு கட்டியிருக்கற மறுமுனையில ஹார்ட் டிஸ்க்கு இருக்கணும்.

அது எங்க?

கார்டுலதான் எழுதறேன். போஸ்ட்மேனும் படிக்கட்டும்.

கனகா


விருத்தாசலம்
18.11.2025

கனகாவுக்கு,

போஸ்ட்மேன் படித்துவிட்டார். கொடுக்கும்போது, "எங்க சார் வெச்சீங்க?" என்று அவரும் கேட்டார்.

ஹார்ட் டிஸ்க் ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது.

நான் ஏதோ தவறு செய்திருக்கிறேன் என்பது உன் கேள்வியின் நீளத்திலிருந்தே தெரிகிறது. ஆயினும் என் பக்கத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலையில் சூளையில் எந்தப் புதுச் சோதனை செய்வதானாலும், முதலில் உள்ளே இருக்கும் நல்ல சரக்கை எல்லாம் வெளியே எடுத்துவிடுவோம். சோதனை கெட்டாலும் சரக்குக்குச் சேதம் வராது. விண்டோஸ் என்பது கம்ப்யூட்டர் என்ற சூளைக்குச் செய்கிற வேலை, டிஸ்க்கில் இருப்பது சரக்கு என்று நான் புரிந்துகொண்டேன். எனவே தொடங்குவதற்கு முதல் நாளே நான்கு திருகாணியையும் கழற்றி டிஸ்க்கை எடுத்துவிட்டேன். முதல் கடிதத்தில் முன்னெச்சரிக்கை என்று எழுதியது இதைத்தான். திருகாணிகள் திருநீற்று டப்பாவில் பத்திரமாக உள்ளன.

ஜாடி ஏன் என்று கேட்பாய். மின்கம்பத்திலேயே பீங்கான்தான் வைக்கிறார்கள். மின்சாரச் சாமானுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியவில்லை. ஜாடியைக் கழுவி மூன்று நாள் காயவைத்தேன். எலுமிச்சை வாசனை லேசாக இருக்கிறது.

இப்போது, சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்ததைச் சொல்கிறேன். துர்கா இரண்டு வருஷத்துக்கு முன் பழமலைநாதர் கோயிலுக்கு வந்தவள், உனக்குத் தெரியாமல் என் வீட்டுக்கும் வந்தாள். தன் கல்யாண வீடியோவை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா" என்றாள். அது அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. முழுதாக, இரண்டு மணி பதினான்கு நிமிடம். வேற்றாள் கையில் கொடுக்கத் துணியாததும், முதலில் அதை வெளியே எடுத்ததும் அதனால்தான். அந்தக் கல்யாணத்தை இரண்டாம் முறையும் கெடுத்தவனாக ஆகிவிடக் கூடாது.

எழுதத் தொடங்கிவிட்டதால் மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று பஸ் பஞ்சர் ஆனது என்று உன்னிடம் சொன்னேன். பஸ் பஞ்சர் ஆகவில்லை. விடியற்காலை ஐந்து பத்து பஸ்ஸில் ஏறினேன். பாலக்கரை வருவதற்குள் சமையல் கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்தது. இறங்கி வீட்டுக்கு நடந்தேன், மூடித்தான் இருந்தது. அதே பஸ் வேப்பூர் போய்த் திரும்பியதும் அதில் ஏறினேன். மூடியிருக்கிறதா என்று பார்த்தபோது நானே திருகித் திறந்துவிட்டேனோ என்று மறுபடி அதே பாலக்கரையில் தோன்றியது. இறங்கினேன். மூன்றாம் முறை பூட்டு. பூட்டியிருந்தது. ஒன்பது நாற்பதுக்கு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. தாய்மாமன் நான் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டிய பெண்ணை, உன் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் அழைத்து வந்திருந்தார்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? பஞ்சர் என்றால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் தனக்கோடி மாப்பிள்ளைக்குப் பெரியப்பா மகன் என்பதும், நான் ஏறி ஏறி இறங்கியதைப் பந்தியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார் என்பதும் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் டிகிரி சர்டிபிகேட்டை இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னவனும் நானே. ஆகவே, சம்பந்தம் பிடிக்காமல் இறங்கிவிட்டேன் என்று நீ எடுத்துக்கொண்டாய். பிடிக்காமல் இல்லை கனகா. பூட்டு.

வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கு நோட்டில் இருக்கிறது, அதை விட்டுவிடலாம். முப்பத்தெட்டாம் நிமிடத்திலிருந்து அறுபத்தொன்றாம் நிமிடம் வரை மாலைத் தட்டோடு நீ நிற்கிறாய். அதற்குள் மண்டப வாசலை ஏழு முறை திரும்பிப் பார்க்கிறாய். முதலில் ஆறு என்று எழுதினேன். மறுநாள் சரிபார்த்தபோது ஏழு.

டிஸ்க்கை என்ன செய்யட்டும் என்று எழுது. நீ சொல்லும்வரை ஜாடியைத் தொடமாட்டேன்.

கோதண்டபாணி


வேப்பூர்
22.11.2025

அண்ணே,

ஜாடியைத் தொறக்காத. வயரை மாட்டாத. பென்டிரைவைப் பிடுங்கி அலமாரியில வை. மெஷினை இன்னும் ஆன் பண்ணி வெச்சிருந்தா ஆஃப் பண்ணு. இதை முதல்ல செஞ்சிட்டு வந்து மீதியைப் படி.

விண்டோஸும் அந்த டிஸ்க்குலதான் போய் உக்காரும். சூளை, சரக்குன்னு உங்க எஸ்டேட்டுலதான் பிரிச்சி வெச்சிருப்பீங்க, இங்க ரெண்டும் ஒண்ணு. அது இல்லாம விண்டோஸ் போடறது, மனையே இல்லாம வூடு கட்டக் கொத்தனாரைக் கூப்பிட்ட கதை. கார்டுக்கு வந்த உன் பதிலைக் கடையில வெச்சிதான் படிச்சேன். ஆதார் ஜெராக்ஸுக்கு ஆறு பேரு நிக்கறாங்க, நான் ஜாடின்ற எடத்துல சிரிக்க ஆரம்பிச்சவ நிறுத்த முடியல. ஒரு அம்மா தண்ணி வாங்கிக் குடுத்தாங்க.

அப்புறந்தான் உறைச்சுது. எல்லாத்தையும் டெலீட் குடுன்னு உனக்கு எழுதுனது நானு. நீ சொன்னதைச் சொன்னபடி செய்யற ஆளு. டிஸ்க்கு மட்டும் உள்ள இருந்திருந்தா, என் பேச்சைக் கேட்டு என் பொண்ணு கல்யாணத்தை ஒரு வரி விடாம அழிச்சிட்டு, நோட்டுல நேரமும் எழுதி வெச்சிருப்ப. உன் பயம் அந்தக் கல்யாணத்தைக் கெடுத்துச்சு. அதே பயந்தான் அதைக் காப்பாத்தியும் வெச்சிருக்குது. உன்னைத் திட்டறதா கும்பிடறதான்னு தெரியல. பாதி பாதி வெச்சிக்க.

துர்காகிட்ட கேட்டேன். "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்"னா. பென்டிரைவு ரசத்துல வுழுந்தப்பவாவது சொல்லியிருக்கலாமேன்னா, மாமா வூட்டுக்குப் போனது தெரிஞ்சிடும்னு பயமாம். உன் மருமக உன்னை மாதிரிதான் இருக்குறா.

பிராதுல என்ன எழுதியிருக்கேன்னு கோயிலு வரைக்கும் போய்க் கேட்டிருக்க. உனக்குத் தண்டனை எதுவும் கேக்கல. அந்தப் பஸ்ஸு நெசமா பஞ்சர் ஆச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான் எழுதினேன். கொஞ்சம் லேட்டாதான் விசாரிச்சிருக்காரு, ஆனா விசாரிச்சிட்டாரு.

அப்புறம், ஏழு இல்ல, எட்டு. ஒண்ணு கேமராக்காரன் எடுக்கல.

டிசம்பர் பதினாலு, ஞாயித்துக்கிழமை, தென்றலுக்குக் காது குத்தறோம். துர்காவுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. பாப்பா உக்கார மடி வேணும்னா உன் மடிதான். ஸ்ரீமுஷ்ணம் கோயில்ல வைக்கறதா இருந்துச்சு, அதான் எங்க வூட்டுக்காரரு பக்கத்து வழக்கம். நான் மாத்திட்டேன். கொளஞ்சியப்பர் கோயில்லயே வெச்சிக்கறோம். உன் வூட்டுலேர்ந்து மூணு கிலோமீட்டர். ஆட்டோவுல ஒரு தடவை போய் வர இருவது நிமிஷம். முகூர்த்தம் ஒம்பதரைக்கு. நீ ஆறு மணிக்குக் கெளம்பினா, பூட்டைப் பாக்கப் பத்து தடவை திரும்பிப் போனாலும் நேரத்துக்கு வந்துடலாம். கணக்குப் போட்டுப் பாத்துட்டுதான் மாத்தினேன்.

வரும்போது ஜாடியோட கொண்டா. புது டிஸ்க்கு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். முதல்ல வீடியோவை மூணு எடத்துல காப்பி, அப்புறம்தான் உன் விண்டோஸு. நீ வந்து சேர்ந்தப்புறம் பிராதைத் திருப்பி வாங்கிக்கறேன். அதுக்கு முன்னாடி இல்ல.

கனகா

பி.கு.: உன் முதல் கடிதத்துல காலியா விட்ட எடத்தை நிரப்பிட்டேன்.


விருத்தாசலம்
15.12.2025

அன்புத் தங்கை கனகாவுக்கு,

நேற்று நீ கிளம்பும்போது, இனிமேல் கடிதம் வேண்டாம், போன் செய் என்றாய். செய்கிறேன். ஆனால் இதை மட்டும் எழுதியே சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியில் நீ சிரிப்பாய், மீதியை நான் சொல்லாமல் வைத்துவிடுவேன்.

முதலில் நன்றி. தென்றல் என் மடியில் உட்கார்ந்த நேரத்தை நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டாம் காது குத்தும்போது அவள் கடித்த இடம் கட்டைவிரலில் இன்னும் சிவந்திருக்கிறது. மருந்து போடவில்லை.

இரண்டாவது, ஒரு உதவி. நான் கொண்டுவந்த மஞ்சள் பையைச் சீர் என்று நினைத்து துர்கா வாங்கி, அதில் இருந்ததை எடுத்துப் பழத்தட்டில் வைத்துவிட்டாள். தட்டோடு அது வேப்பூருக்கு வந்திருக்கும். வாழைப்பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே இருக்கும் அந்தச் சாமான் என் வீட்டு கேஸ் ரெகுலேட்டர். போட்டோவிலும் விழுந்திருக்கும் என்று அஞ்சுகிறேன். அடுப்பு மூடியிருக்கிறதா என்ற சந்தேகம் வழியில் வரக் கூடாது என்று கழற்றிக் கையோடு எடுத்துவந்தேன். நேற்றிலிருந்து கொளஞ்சியம்மாள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பவும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஐந்தே முக்காலுக்கே வந்து கோயில் வாசலில் ஜாடியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் நீ ஒன்று கேட்டாய்: "வூட்டைப் பூட்டிட்டியாண்ணே?" நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, பிராதைத் திருப்பி வாங்க உள்ளே போய்விட்டாய். அது முதல் மனம் சரியில்லை. உன்னிடம் நான் சொன்ன பொய் ஒன்றே போதும். அதே சாமி வாசலில் இன்னொன்று வேண்டாம்.

நான் பூட்டவில்லை.

முதல் நாள் முழுவதும் யோசித்தேன். பூட்டுவதால்தானே பூட்டினோமா என்ற சந்தேகம் வருகிறது? வீட்டில் இழக்கக் கூடாத பொருள் என்று இருந்தது ஒன்று. அது ஜாடியில், என் கையில் இருந்தது. ஆகவே கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இரண்டுக்கும் செங்கல் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வழியில் ஓர் இடத்தில்கூட இறங்கவில்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

உன் அண்ணன்,
கோதண்டபாணி